வெயிலில் திறந்த மதகு

ஆடி மாதத்தில் மழை வரும் என்று சொல்வதற்கு ஆராய்ச்சி எதற்கு என்பது கிரிஜாவின் கட்சி. தங்கை சியாமளா வானிலை விஞ்ஞானி என்பதில் அவளுக்குப் பெருமை இல்லாமலில்லை. இட்லி மாவு வாங்க வருகிறவர்களிடம் அதைச் சொல்லாமல் ஒரு பாக்கெட்டைக்கூட அவள் கையில் கொடுத்ததில்லை. ஆனால் தங்கைக்கு நேராக மட்டும் நல்ல வார்த்தை ஒன்று வாயில் வராது. கோயம்புத்தூர்க்காரர்கள் மரியாதைக்குப் பேர்போனவர்கள் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் கிரிஜாவைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

புதன்கிழமை காலையில் சியாமளா புனேயில் ஔந்துப் பக்கம் இருக்கும் தன் வீட்டிலிருந்து ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு, முட்டா ஆற்றங்கரையில் இருக்கும் அக்காவின் வீட்டுக்கு வந்து இறங்கியபோதும் அதே வரவேற்புதான்.

"வா கண்ணு. மழை வருது, புயல் வருதுன்னு பயங்காட்ட வந்துட்டியா? வெளியில பாரு. வடகம் காயப்போடலாமாட்ட இருக்குது."

அதில் பொய்யொன்றும் இல்லை. ஜூலை மாதத்துப் புனேயில் குடையும் ரெயின்கோட்டும் காயாமல் நாறிக்கொண்டிருக்க வேண்டிய நேரம். மூன்று நாளாக வானம் சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வாசலில் காயப்போட்ட துணி அரைமணியில் காய்ந்தது.

கிரிஜாவுக்குத் தரைத்தளத்து ஃபிளாட். கணவர் கந்தசாமி தேஹு ரோட்டில் ராணுவக் கிடங்கில் வேலை பார்க்கிறார். விடிவதற்குள் கிளம்பிப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். முன்னறை முழுக்க கிரிஜாவின் ராஜ்யம். கோயம்புத்தூரிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த பெரிய கிரைண்டர்கள் இரண்டு, ஒரு ஃப்ரீசர், சுவரோரம் அரிசி மூட்டை. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் பாதிப்பேர் காலையில் சாப்பிடும் இட்லி இந்த அறையில் அரைத்ததுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஜூலையில் ஆறு இந்த அறைக்குள் வந்தது. மேலே அணை நிரம்பி வழிகிற நிலைக்கு வந்து, வேறு வழியில்லாமல் மதகுகளை ஒரேயடியாகத் திறந்தார்கள். ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர். ஃப்ரீசர் மிதந்தது. தண்ணீர் வடிந்த பிறகு, சுவர் ஊறிப்போனதற்கோ கட்டில் போனதற்கோ அழாத கிரிஜா, கிரைண்டர் கல்லுக்குள் சேறு அப்பிக் கிடந்ததைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்றிருந்த சியாமளாவுக்கு அன்று வந்த வெட்கத்தைச் சொல்லி மாளாது. ஊருக்கெல்லாம் மழைக்கணக்குப் போடுகிறவள், கூடப் பிறந்தவளுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையே!

அந்த வெட்கம்தான் அவளை இரண்டு வருஷம் துரத்தியது. அணையைத் திறப்பதற்கென்று ஒரு பழைய விதி உண்டு. நிரம்பும் வரை ஒரு சொட்டு விடக்கூடாது. மாதம் முழுக்க நிதானமாகப் பெய்த காலத்தில் அது சரிதான். இப்போது பூமி சூடேறிப்போய், மாதத்து மழை முழுவதையும் இரண்டு நாளில் கொட்டிவிட்டு வானம் கை கழுவிக்கொள்கிறது. சியாமளாவின் குழு ஒவ்வொரு மலைச்சரிவையும் தனித்தனியாகப் பார்க்கும் அளவுக்கு நுணுக்கமாகக் கணக்குப் போட்டது. ஒரே கணக்கைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஐம்பது தடவை ஓட்டியது. போன வருஷங்களில் எங்கெங்கே தவறியதோ அதையெல்லாம் கம்ப்யூட்டருக்கே பாடமாகச் சொல்லிக்கொடுத்தது. இப்போது பெருமழையை நாலைந்து நாள் முன்னதாகவே சொல்ல முடிந்தது.

சொல்ல முடிவது ஒன்று, கேட்க வைப்பது வேறொன்று. எத்தனையோ மீட்டிங், எத்தனையோ டீ, எத்தனையோ பிஸ்கட். கடைசியில் அணைக் கமிட்டி இந்த மழைக்காலத்துக்கு மட்டும் ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டது. பெருமழை வரும் என்று சியாமளா சொன்னால், அது வருவதற்கு முன்பே அணையில் கொஞ்சம் இடம் காலி செய்வது. மழை வந்தால் வெள்ளமும் அடங்கும், அணையும் மறுபடி நிரம்பிக்கொள்ளும். வராவிட்டால்? மே மாதத்தில் ஊரே காலிக் குடத்தோடு டேங்கர் பின்னால் ஓடும். சோதனையைக் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். கூடவே, அதற்குக் கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் பத்ரிநாத்தையும்.

திங்கட்கிழமையே கணக்கு வந்துவிட்டது. 'வெள்ளிக்கிழமை, மிகக் கனமழை, வாய்ப்பு மிக அதிகம்' என்று சியாமளா குறிப்பு அனுப்பினாள். அணை அலுவலகம் வியாழன் காலையில் மதகைத் திறந்து, ஒரு முழு நாள் மெதுவாக விடுவதென்று திட்டம் போட்டது. மெதுவாகத்தான் விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் அதுவே வெள்ளம்.

"அக்கா, விளையாடாதே. நாளைக்குப் பொழுதோட எல்லாத்தையும் மேல ஏத்தீரு. மூணாவது மாடியில சுஷ்மா வீட்டு பால்கனி சும்மாதானே கெடக்குது?"

"உனக்கென்ன, வாயால ஏத்தீருவே. என்ற இடுப்பு ஏத்தோணுமே. வெள்ளிக்கிழமைதானே உன்ற மழை? வியாழக்கிழமை ராத்திரி அரைச்சு, வெள்ளி காலையில மாவைக் குடுத்துட்டுத்தான் எதையும் தொடுவேன். வார கடைசிக்கு எவ்வளவு ஆர்டர் தெரியுமா?"

பதில் சொல்வதற்குள் கிரிஜாவின் ஃபோன் அடித்தது. யாரோ புது வாடிக்கை. எதிர்முனையில் பேசிய பெண்ணின் குரல் சியாமளாவுக்கும் கேட்டது. பாக்கெட்டில் இன்றைய தேதி போட்டிருக்கிறது, ஆனால் நேற்றே அரைத்த மாவு என்று யாரோ சொன்னார்களாம். இது ஏமாற்று இல்லையா என்று கேட்டாள்.

கிரிஜாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "ஏனுங்க, மாவு என்ன குழாயத் திறந்தா வர்றதுங்களா? நேத்து அரைச்சு, ராத்திரி முச்சூடும் பொங்கி, காலையில பாக்கெட் போடுறது. பாக்கெட் போடுற தேதிதானுங்க போடுவோம். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானுங்களே!"

சியாமளா குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தாள்.

எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அவளுடைய தொழிலிலும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்ப்பார்கள். முந்தின நாள் எட்டரையிலிருந்து பெய்ததெல்லாம் அதில் இருக்கும். அதை இன்றைய தேதியில் எழுதுவார்கள். நேற்றுச் சாயங்காலமும் ராத்திரியும் கொட்டியது, கணக்கில் இன்றைய மழை. வெள்ளிக்கிழமை மழை என்றால், வியாழக்கிழமை காலையிலிருந்து வெள்ளிக்கிழமை காலை வரை பெய்வது. இருபது வருஷமாக இப்படியே எழுதி எழுதி, வெளியே இருக்கிறவர்களுக்கு வெள்ளி என்றால் வெறும் வெள்ளிதான் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

அவள் அனுப்பிய மழை வியாழன் சாயங்காலமே தொடங்கிவிடும். அணையோ வியாழன் காலையில்தான் திறக்கப் போகிறது. பாதிகூடக் காலியாவதற்கு முன்பே மழை வந்து விழும். விட்ட தண்ணீரும் பெய்த தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து இதே தெருவுக்கு வரும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அணை செய்ததை இந்தத் தடவை சியாமளாவே செய்து வைத்திருக்கிறாள்.

"ஏன் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றாள் கிரிஜா.

சியாமளா அதற்குள் பத்ரிநாத்துக்கு ஃபோன் போட்டிருந்தாள். பத்ரிநாத் மூன்று தலைமுறையாகப் புனேவாசி. அவர் வீட்டுத் தமிழில் பாதி மராத்தியும் இந்தியும் கலந்திருக்கும்.

"போலோ மேடம்! வெயில் இப்படி அடிக்கறதே, உங்க மழை வழியில எங்கயாவது சாய் குடிச்சிண்டிருக்கா?"

"சார், வெள்ளிக்கிழமைன்னு எழுதியிருந்தேன் இல்லீங்களா? நாளைக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சிருமுங்க."

"அரே! ஃபோர்காஸ்ட் மாறிடுத்தா?"

இங்கேதான் ஒரு சந்து திறந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வானத்தின் மேல் பழியைப் போட்டால் வானம் என்ன சாட்சி சொல்லவா வரப்போகிறது? சியாமளாவும் மனுஷிதான், அந்தச் சந்துக்குள் ஒரு கால் வைத்துப் பார்த்தாள். ஆனால் முன்னறிவிப்பு மாறிவிட்டது என்றால் கமிட்டி மறுபடி கூடும். நேற்று ஒன்று, இன்று ஒன்றா என்று யாராவது கேட்பார்கள். எதற்கும் இன்னொரு நாள் பார்ப்போம் என்று யாராவது சொல்வார்கள். பார்க்கத்தான் நாள் இல்லையே.

"மாறலீங்க சார். கணக்கு அப்படியேதான் இருக்குது. தப்பு என்ற மேல" என்று சொல்லி, எட்டரை மணிச் சமாச்சாரத்தை விளக்கினாள். சொல்லச் சொல்ல அவளுக்கே காது சுட்டது.

"சாட்டிலைட் இருக்கு, சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கு. கடைசியில கிழமையில கோட்டை விட்டேளா மேடம்? லோக் எல்லாரும் சிரிப்பா."

"சிரிக்கட்டுங்க சார். மதகை இன்னைக்கே திறக்கோணும்."

"இந்த வெயில்லயா? திறந்து மழை வரலைன்னா எனக்குக் கட்சிரோலிக்கு டிரான்ஸ்ஃபர். காட்டுக்குள்ள உக்காந்து கொசு அடிக்கணும். தெரியுமோல்லியோ?"

"வரும் சார்."

"எவ்வளவு பர்சென்ட்?"

"வரும்" என்றாள் சியாமளா மறுபடியும். மழை வரும் என்று சதவீதம் ஒட்டாமல் அவள் இதுவரை வாய் திறந்ததில்லை.

பத்ரிநாத் பெருமூச்சு விட்டார். "தப்புன்னு இவ்வளவு சட்டுனு ஒத்துண்ட சயின்டிஸ்ட்டை நான் பார்த்ததில்லை. அதனாலதான் பயமாவும் இருக்கு, நம்பவும் தோணறது. எனக்கு ரெண்டு வரி எழுதி அனுப்புங்கோ. சலோ, மேலிடத்துல பேசறேன்."

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் கிரிஜா நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"தப்புப் பண்ணிட்டியா?"

"ஆமாக்கா."

திட்டு விழும் என்று சியாமளா தலையைக் குனிந்துகொண்டாள். கிரிஜா திட்டவில்லை. தண்ணீரில் போட்டிருந்த உளுந்தை வடிகட்டி அப்பால் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"சரி, எந்திரி. கிரைண்டரைத் தூக்கோணும். நீ அந்தப் பக்கம் புடி. நான் போய் சுஷ்மாவைக் கூப்புடறேன்."

வாரக் கடைசி ஆர்டர் முழுவதையும் அவள் ரத்து செய்தாள். சொசைட்டி என்று அங்கே சொல்லும் அந்தக் குடியிருப்பில் நாலு பேரைப் பிடித்து, மராத்தியில் பாதியும் கையால் பாதியும் பேசி, கிரைண்டர்களை மூன்றாவது மாடிக்கு ஏற்றினாள். கல்லை மட்டும் யாரையும் தொட விடவில்லை. தானே கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு, படிக்குப் படி நின்று நின்று ஏறினாள்.

மத்தியானம் ஆற்றோரம் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. வெயில் பிளந்துகொண்டிருந்த நேரத்தில் அணையின் மதகு திறந்தது.

ஊர் சும்மா இருக்குமா? பாலத்தின் மேல் கூட்டம் நின்று, வடாபாவ் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தது. கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வெள்ளத்தோடு செல்ஃபி எடுத்தது. வெயிலுக்கு அணைக்கே வேர்த்துவிட்டதாம் என்று ஒருவன் எழுதியது சொசைட்டி வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றியது. டி.வி.யில் ஒரு கட்சிக்காரர் மே மாதத்தில் இந்த அதிகாரிகளின் வீட்டு வாசலில்தான் குடத்தோடு வந்து நிற்போம் என்று முழங்கினார். அதில் தப்பொன்றும் இல்லை. குடிக்கிற தண்ணீர் கண்ணெதிரே ஆற்றில் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? சியாமளாவுக்கே எரிந்தது.

வியாழக்கிழமையும் வெயிலோடுதான் விடிந்தது. பாஷாணில் இருக்கும் அவளுடைய ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாரும் அவளைத் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி பார்த்தார்கள். கூட வேலை பார்க்கும் ஜோஷுவா, கேட்காமலே ஒரு டீ வாங்கி வந்து வைத்தான். அது ஆறிப்போனது. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அவள் திறக்கவே இல்லை. கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. வானம்தான் கணக்கைப் படித்ததாகத் தெரியவில்லை. பத்ரிநாத்திடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது: 'கட்சிரோலியில் நல்ல மெஸ் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.'

மூன்று மணி வாக்கில் காற்று நின்றது. நாலு மணிக்கு ஜோஷுவா ஜன்னலோரம் போய், "மேடம், மலையைக் காணோம்" என்றான்.

மேற்கே மலை இருந்த இடத்தில் கருப்பாக ஒரு சுவர் எழுந்திருந்தது. ஆபீஸ் முழுவதும் ஜன்னலுக்கு ஓடியது. சியாமளா மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. முதல் தூறல் கண்ணாடியில் விழுந்தபோது யாரோ கை தட்டினார்கள். அவளுக்கும் சந்தோஷம் பொங்கியது. அடுத்த நிமிஷமே அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்தது. வராவிட்டால் பத்ரிநாத் போச்சு. கணக்குக்கு மேல் கொட்டினால் அக்கா வீடு போச்சு.

கொட்டியது. அன்று ராத்திரி பெய்ததைப் பேய்மழை என்றால் பேய்க்குக் கோபம் வரும். யார் தூங்கினார்கள், யார் தூங்கவில்லை என்று நீட்டி முழக்குவானேன். கிரிஜாவும் கந்தசாமியும் சுஷ்மா வீட்டில் ஏறிக்கொண்டார்கள் என்று தெரிந்த பிறகும், சியாமளாவின் கையிலிருந்து ஃபோன் கீழே இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மழை கொஞ்சம் விட்டதும் ஸ்கூட்டரை எடுத்தாள். வழியில் தாழ்வான பாலங்களை மூடியிருந்தார்கள். சுற்றிக்கொண்டு போய்த் தெருமுனையில் இறங்கியபோது ரோட்டில் சேறு தெரிந்தது. மிச்சத் தூரத்தை ஓடினாள்.

சொசைட்டி கேட் வரைக்கும் ஆறு வந்திருந்தது. கேட்டுக்குள் கார் ஏறுவதற்காகப் போட்ட சரிவு இருக்கிறதே, அதில் பாதி நனைந்திருந்தது. அதற்கு மேல் காய்ந்த சிமெண்ட். அங்கே ஒரு கோடாகக் குப்பையையும் இலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, ஆறு வந்த வழியே பின்வாங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சரிவுக்கு அப்பால் கிரிஜா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வாம்மா, விஞ்ஞானி! ஒரு சொட்டு உள்ள வந்துச்சா? ஒரு சொட்டு! இதுக்கா என்னை மூணு மாடி ஏத்துனே? இடுப்பு விட்டுப்போச்சு. உன்ற மாமா ராத்திரி முச்சூடும் சுஷ்மா வீட்டு சோபாவுல குறட்டை விட்டு என்ற மானத்தை வாங்கிட்டாரு. நனைச்ச உளுந்தெல்லாம் வீணாப்போச்சு. வார கடைசி ஆர்டர் போச்சு. அந்தக் கல்லை மறுபடி யாரு எறக்கறது, நீயா?"

சியாமளா அப்படியே அந்தக் காய்ந்த சிமெண்டில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது.

"திட்டுக்கா. இன்னும் நல்லாத் திட்டு."

"பைத்தியமாட்டச் சிரிக்கறா பாரு!"

ஃபோன் அடித்தது. பத்ரிநாத். தொண்டை கட்டிப்போன குரலில், "மேடம், அணையில காலி பண்ணின இடம் அத்தனையும் விடியறதுக்குள்ள ரொம்பிடுத்து. நேத்து காலையிலதான் திறந்திருந்தோம்னா..." என்று சொல்லிக்கொண்டு வந்தவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "பஸ், போறும், அதை விடுங்கோ. கமிட்டி சோதனையை நிறுத்த வேண்டாங்கறா. அடுத்த வருஷம் இதையே விதியா எழுதலாமான்னு பேச்சு. ஒரே ஒரு கண்டிஷன். இனிமே உங்க நோட்டுல வெறும் கிழமை இருக்கப்படாது. எப்ப தொடங்கி எப்ப முடியறதுன்னு மணியோட எழுதணும்."

"எழுதறேன் சார்" என்றாள். இதைவிடச் சுலபமான கண்டிஷனை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை.

"அப்புறம் இன்னொண்ணு. டி.வி.க்காரன் ஃபோன் பண்ணினான். வெள்ளமே வரலையே, எதுக்கு சார் அத்தனை தண்ணியைத் திறந்து விட்டேள்னு கேக்கறான். என்ன பதில் சொல்றது?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பத்ரிநாத் நிறுத்த முடியாமல் இருமும் வரைக்கும் சிரித்தார்.

ஃபோனை வைத்துவிட்டுப் பார்த்தால், திட்டிக்கொண்டிருந்த கிரிஜாவைக் காணோம். வீட்டு முன்னறையில் நின்றிருந்தாள். கிரைண்டர்கள் இல்லாமல் அறை பெரிதாக இருந்தது. சுவரில் ஜன்னல் உயரத்தில், இரண்டு தடவை வெள்ளையடித்தும் போகாத பழைய தண்ணீர்க் கறை மங்கலாகத் தெரிந்தது. கிரிஜா அதைப் பார்த்தாள். பிறகு குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். உலர்ந்த தரை. இன்னொரு இடத்திலும் தொட்டுப் பார்த்தாள்.

சியாமளா வாசலிலேயே நின்றாள்.

கிரிஜா நிமிரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரும்பாமலே சொன்னாள்.

"அடுத்த தடவையும் வந்து சொல்லு கண்ணு. திட்டிக்கிட்டேதான் தூக்குவேன். நீ சொல்லீரு."